ஆறுக்கு ஆறு

நாரி நோவோடு, அதாவது கீழ்முதுகு நோவோடு, போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஆறு சோதனைகள் வைப்பார்கள். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை, இயந்திரம் எதுவும் இல்லை. குனி, நில், இரு, தவழ், படு என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் உங்கள் நாரி என்ன செய்கிறது என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவ்வளவுதான். முதல் தடவை எனக்கு ஆறுக்கு இரண்டு. மூன்று கிழமை கழித்து ஆறுக்கு ஆறு. அதற்குப் பன்னிரண்டாம் நாள் என் இடது பாதம் விழுந்துவிட்டது. இதை எழுதுகிற இன்றைக்கும் அது எழும்பவில்லை.

இதை வாசிக்கிற யாராவது இப்போது நாரியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு கிளினிக் வாசலில் வாங்குப் பலகையில் இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். வேறு பெரிய நோக்கம் இல்லை.

எங்கள் வீடு எழுவைதீவில். அப்பா கடலுக்குப் போகிறவர். நான் ஊர் அணியில் வலது பக்கம் உதைபந்து விளையாடினேன். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடித்து, கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படிக்க இடம் கிடைத்து, கடிதம் வந்த அன்றைக்கு நான் கடற்கரை நீளத்துக்கு ஓடிப்போய் ஓடி வந்தேன். ஐந்து நாள் கழித்து அப்பாவின் வள்ளத்திலிருந்து எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பியபோது நாரியில் ஏதோ பிடித்தது. அம்மா உப்பு ஒத்தணம் கொடுத்தா. எண்ணெய் தேய்த்தா. ஒரு மாதமாகியும் விடவில்லை. கடிதத்தோடு வந்த மருத்துவப் படிவமோ மேசையில் கிடந்தது. ஓடவும் பாயவும் தகுதி என்று ஒரு டொக்டர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இடம் இல்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் பிழை இல்லை. டொக்டர் படிவத்தை என்னிடமே திருப்பித் தந்தார்.

"பிசியோவிட்டைக் காட்டும். அவ சரி எண்டு எழுதினால் நான் கையெழுத்து வைக்கிறன்."

அந்த நிமிடமே என் தலைக்குள் அது ஒரு சோதனை மண்டபமாக மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் படித்தவர்களுக்கு இது விளங்கும். பாடத்தைப் படிப்பதற்கு முன் பத்து வருடத்துப் பாஸ் பேப்பரை, பழைய கேள்வித்தாள்களை, தேடுகிற ஆட்கள் நாங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போனால், உள்ளே போய் வந்தவனை வாசலில் மறித்து "என்ன கேட்டவை?" என்று கேட்காமல் விடமாட்டோம். நான் இதில் இன்னும் ஒரு படி கூட. ரியூசனில் எல்லாருக்கும் கேள்விகளை ஊகித்துச் சொல்கிறவனே நான்தான்.

ஆகவே பிசியோ அறைக்கு வெளியே வாங்கில் இருந்தபடியே கேள்வி சேகரிக்கத் தொடங்கினேன். நாரந்தனையைச் சேர்ந்த ட்ரக்டர் ஓட்டுகிற ஓர் அண்ணை வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தார்.

"அண்ணை, உள்ளை என்ன கேட்டவை?"

"கேக்கிறதோ? ஆடவிட்டுப் பாக்கிறா தம்பி. குனியச் சொன்னா. ஒரு காலிலை நிக்கச் சொன்னா. கடைசியா நாலு காலிலை மாடு மாதிரி நிக்கச் சொன்னா, இந்த வயசிலை."

"எல்லாம் சரியாச் செய்தனீங்களோ?"

"எனக்கென்ன தெரியும்? முதுகு எனக்குப் பின்னாலையெல்லோ இருக்கு."

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் சாய்ந்து குரலைக் குறைத்தார்.

"ஒண்டு சொல்லுறன், கேள். கால் விறைக்குதோ எண்டு கேப்பா. ஓம் எண்டு மட்டும் வாயைத் திறந்திடாத. போன கிழமை ஒருத்தன் ஓம் எண்டான். நேரே ஸ்கானுக்கு அனுப்பிப்போட்டினம். இப்ப ஒப்பரேசனுக்கு நாள் வைச்சிருக்காம்."

எனக்கு விறைப்பு இருந்தது. ஒரு கிழமையாக, இடது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் தொடங்கி, புறங்காலால் இறங்கிப் பெருவிரல் வரைக்கும். வள்ளத்தில் கனநேரம் காலை மடக்கி இருந்துவிட்டு எழும்பினால் வருமே, அதுபோல. வருவதும் போவதுமாக இருந்தது. அண்ணை எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. கேள்வித்தாளில் எந்த விடைக்குப் புள்ளி குறையும் என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

பிசியோ மிஸ்ஸுக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அவ முதலில் சோதித்தது நரம்பை. பஞ்சால் இரண்டு காலையும் தடவினா.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியுதோ?"

"ஓம் மிஸ்."

"விறைப்பு, எறும்பு ஊருற மாதிரி ஏதும்?"

"இல்லை மிஸ்."

பெருவிரல்களை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தா. அப்போது இரண்டும் உறுதியாக நின்றன. விறைப்பு என்பது காலின் சொந்தக்காரன் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும். என் பொய்க்கு என் காலில் எந்த அடையாளமும் இருக்கவில்லை.

"நரம்பிலை பிரச்சினை இல்லையெண்டால்தான் மற்றதைப் பாக்கிறது," என்று சொல்லிவிட்டு ஆறையும் தொடங்கினா.

அவை இவைதான். ஒன்று, நின்றபடி நாரியை வளைக்காமல் இடுப்புச் சந்தில் மட்டும் குனிவது. இரண்டு, மேல்முதுகு அசையாமல் இடுப்பை மட்டும் பின்னுக்கும் முன்னுக்கும் சரிப்பது. மூன்று, ஒற்றைக் காலில் நிற்பது. அப்போது தொப்புள் எவ்வளவு தூரம் பக்கத்துக்கு நகருகிறது என்று அடிமட்டம் என்கிற அளவுகோல் வைத்துப் பார்த்து, இரண்டு காலுக்கும் வித்தியாசம் எடுப்பார்கள். நான்கு, கதிரையில் நிமிர்ந்து இருந்து முதுகு கூனாமல் முழங்காலை நீட்டுவது. ஐந்து, கையும் முழங்காலும் ஊன்றி நின்று, நாரி அசையாமல் உடம்பைப் பின்னும் முன்னும் கொண்டுபோவது. ஆறு, குப்புறப் படுத்து நாரி தூக்காமல் முழங்காலை மடிப்பது.

முதலாவதைச் செய்து முடித்ததும் மிஸ் கேட்டா.

"என்ன நினைக்கிறீர், நாரி நேரா இருந்ததோ?"

"ஓம். அசைக்கேல்லை."

அவ என் போனை வாங்கி, திரும்பவும் குனியச் சொல்லி வீடியோ எடுத்துக் காட்டினா. கவிழ்த்துப்போட்ட வள்ளம் மாதிரி வளைந்திருந்தது என் முதுகு. நான் இரண்டு தரம் பார்த்தேன். நிமிர்ந்திருக்கிறேன் என்றுதான் என் முதுகு எனக்குச் சொன்னது.

"நாரி வளையிறது குற்றமில்லை," என்றா மிஸ். "வளையாமல் வைச்சிருக்கிறன் எண்டு நீர் நம்பேக்கையும் அது வளையுது பாரும், அதுதான் விசயம். உமக்கும் உம்மடை நாரிக்கும் இடையிலை கதை சரியாப் போகேல்லை. பழகினால் திருத்தலாம்."

தவழ்வதிலும் குப்புறப் படுப்பதிலும் மட்டும் தப்பினேன். மூன்று கிழமை பழகச் சொன்னா. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம், மெதுவாக. நோ கூடினாலோ காலில் ஏதும் வித்தியாசம் தெரிந்தாலோ அடுத்த திகதியைப் பாராமல் உடனே வரவேண்டும். இதை இரண்டு தரம் சொன்னா. நான் இரண்டு தரமும் தலையாட்டினேன்.

வீட்டில் எனக்குச் சோதகர் கிடைத்தாள். என் தங்கச்சி மெலனி, ஏ.எல். உயிரியல் படிக்கிறவள். அடிமட்டத்தை என் நாரியில் ரேப்பால் ஒட்டிவிட்டு, அம்மா சமைக்கிற குசினிக் கதவின் பின்பக்கத்தில் சோக்கால் ஆறு கோடு போட்டு, தினம் புள்ளி எழுதினாள்.

"அண்ணா, திருப்பியும் வளையுது. மூண்டு."

"எங்கை வளையுது? நேராத்தானே நிக்கிறன்."

"நீ நிக்கிறாய். உன்ரை நாரி நிக்கேல்லை."

"உனக்கு மாக்ஸ் போடத் தெரியாது."

"பயோவிலை என்ரை மாக்ஸைப் பாத்திட்டு வந்து கதை."

அப்பா வலையோடு உள்ளே வந்தவர் கதவைப் பார்த்துவிட்டு நின்றார்.

"குனியிறதுக்கும் சோதினையோ? முப்பது வருசமாக் குனிஞ்சு வலை இழுக்கிறன், ஒருத்தரும் எனக்கு மாக்ஸ் போடேல்லை."

பத்துத் தரம் என்றதை நான் நூறு தரமாக்கினேன். காலையில் நூறு, மாலையில் நூறு. பிழையாகக் குனிந்ததும் அந்த நூறுக்குள் கணக்கு. அது என் நாரிக்குள் என்ன செய்தது என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. புள்ளி மட்டும் ஏறியது. மூன்று, மூன்று, நான்கு, ஐந்து.

பத்தாம் நாள் கடற்கரையிலிருந்து வெறுங்காலோடு வந்து குசினிக்குள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. மெலனி வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, அசையாத."

முற்றத்திலிருந்து என் கால் வரைக்கும் ஒன்றுவிட்டு ஒரு அடி சிவப்பாக இருந்தது. இடது அடிகள். பெருவிரலின் மேற்புறத்தைச் சிப்பி கீறியிருந்தது. ஆழமான கீறல். அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அவள் இரத்தத்தைத் துடைத்துக் கட்டினாள். பிறகு சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, என் கண்ணைப் பொத்தச் சொன்னாள்.

"குத்தேக்கை சொல்லு."

காத்திருந்தேன். "குத்தன்," என்றேன்.

"குத்தி முடிஞ்சுது. மூண்டு இடத்திலை."

கண்ணைத் திறந்தேன். புறங்காலில் மூன்று சிறிய சிவப்புப் புள்ளிகள்.

"மிஸ்ஸுக்குச் சொல்ல வேணும்," என்றாள்.

"சொன்னால் படிவம் போச்சு."

"கால்?"

"கால் நடக்குதுதானே."

"நான் அம்மாவுக்குச் சொல்லப்போறன்."

"சொன்னியெண்டால் உன்னோடை இனிக் கதைக்க மாட்டன், மெலனி."

அவள் சொல்லவில்லை. அடுத்த நாள் கதவில் ஆறு கோட்டுக்குக் கீழே ஏழாவதாக ஒரு கோடு இருந்தது. 'விறைப்பு' என்று எழுதி, எதிரே சைபர் போட்டிருந்தாள். நான் அதை உள்ளங்கையால் அழித்தேன். அவளும் திரும்ப எழுதவில்லை.

மூன்றாம் கிழமை முடிவில் மிஸ்ஸிடம் போனேன். ஆறையும் செய்தேன். இந்த முறை என் நாரி நான் சொன்ன இடத்தில் நின்றது. அது பொய்யில்லை. உண்மையாகவே பழகியிருந்தேன். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

"ஆறுக்கு ஆறு. இப்பிடிப் பழகி வந்த ஆளை நான் காணேல்லை."

பிறகு பஞ்சை எடுத்தா. கண்ணை மூடச் சொன்னா. நான் இமையை ஒரு நூல் அளவு திறந்து வைத்துக்கொண்டு, பஞ்சு காலில் பட்ட ஒவ்வொரு தடவையும் ஓம் என்றேன். பெருவிரலை அழுத்தியபோது இடது பக்கம் சற்று வழுக்கியது. மிஸ் திரும்ப அழுத்தினா.

"இது கொஞ்சம் குறைவோ?"

"பஸ்ஸிலை நிண்டு வந்தனான் மிஸ். களைப்பு."

"அடுத்த கிழமை வாரும். இதை ஒருக்காத் திருப்பிப் பாக்க வேணும்."

ஆறுக்கு ஆறு என்று எழுதின துண்டை அன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் படிவத்தில் கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமை நான் போகவில்லை. கடல் கொந்தளிப்பு என்று வீட்டில் சொன்னேன். கொந்தளிப்பு அவ்வளவு இருக்கவில்லை.

ஆறுக்கு ஆறு எடுத்த பன்னிரண்டாம் நாள் படிவத்தைக் கல்லூரியில் கொடுக்கவென்று புறப்பட்டேன். துறையில் வலது காலை ஊன்றிக்கொண்டு இடது காலைத் தூக்கி வள்ளத்துக்குள் வைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து செய்கிற காரியம். கால் தூக்கியது, பாதம் தூக்கவில்லை. விரல்கள் வள்ளத்தின் விளிம்பில் கொழுவ, நான் உள்ளே இருக்கைப் பலகையில் குறுக்காக விழுந்தேன். நாரியிலிருந்து குதிக்கால் வரைக்கும் நெருப்பால் இழுத்தது போல ஒரு நோ. பிறகு அந்த நோவே குறைந்துவிட்டது. அதுதான் பயங்கரமாக இருந்தது. யாரோ என்னைத் தூக்கி இருத்தினார்கள். என் இடது பாதம் ஈரத் துணி மாதிரித் தொங்கியது. படிவம் பிளாஸ்டிக் கோவைக்குள் நனையாமல் இருந்தது.

அதே வள்ளத்தில்தான் என்னைக் கொண்டுபோனார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து அம்புலன்ஸ். ஆஸ்பத்திரியின் நோயாளர் விடுதியில் படுத்த முதல் மணித்தியாலத்திலேயே நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: சலம், அதாவது சிறுநீர், போகிறதா, அடக்க முடிகிறதா, உட்காருகிற இடத்தில் விறைப்பா. வெட்கப்படாமல் சொல்லும் என்றார்கள். சலத்தை ஆளுகிற நரம்பும் நசிந்தால் அன்றைக்கே வெட்ட வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி. எனக்கு அது தப்பியிருந்தது. முதன்முறையாக எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். அதில் ஒரு ஆறுதலும் இருக்கவில்லை.

ஸ்கானுக்கு மறுநாள்வரை காத்திருந்தேன். ஒரு குழாய்க்குள் தள்ளி, அசையாதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தகரத்தில் சுத்தியலால் அடிப்பது மாதிரிச் சத்தம். அசையாமல் கிடப்பதற்கு நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. அதற்குள் இருக்கிற களி ஓரிடத்தால் பிதுங்கி வந்து, பாதத்தைத் தூக்குகிற நரம்பை நசித்துக்கொண்டிருந்தது. டொக்டர் படத்தில் பேனையால் தொட்டுக் காட்டினார். கட்டிலைச் சுற்றி அப்பா, அம்மா, மெலனி.

"விறைப்பு எப்ப தொடங்கினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மெலனி சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சு மூண்டு கிழமை."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தா.

"அதுக்கு முதலே இருந்தது," என்றேன். "முதல் முதல் பிசியோவுக்கு வரேக்கையே இருந்தது."

டொக்டர் ஏசவில்லை. எழுதிக்கொண்டார். அப்பாதான் கேட்டார்.

"அப்பவே சொல்லியிருந்தால் கால் தப்பியிருக்குமோ டொக்டர்?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது ஐயா. தப்பியிராது எண்டும் சொல்ல ஏலாது."

இந்தப் பதிலோடுதான் நான் இருக்கிறேன். ஒரு பக்கம் முடிவாகச் சொல்லியிருந்தால் அழுதோ ஏசியோ முடித்திருப்பேன்.

ஒப்பரேசன் நல்லபடி நடந்தது. பிதுங்கினதை எடுத்துவிட்டார்கள். காலில் இழுத்த நோ போய்விட்டது. பாதம் வரவில்லை. நரம்பு மெதுவாக வளரும், மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

ஒவ்வொரு நாள் காலையும் அப்பா முதல் வள்ளத்தில் வந்தார். கடலுக்குப் போகாமல் வந்தார். கட்டில் முனையில் இருந்து, என் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரல் விரலாகப் பிடித்து இழுப்பார்.

"இது?"

"தெரியுது."

"இது?"

"கொஞ்சம்."

பெருவிரலுக்கு வரும்போது அவர் கேட்கமாட்டார். கையில் சற்றுநேரம் வைத்திருப்பார். ஒருநாள் மட்டும், "நண்டு கடிச்சாலும் உனக்கு விளங்காது, இனிக் கண்ட இடத்திலை கால் வைக்காத," என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மெலனி என்னோடு அதிகம் கதைக்கவில்லை. சோதனைக்குப் படிக்க வேண்டும் என்று கொப்பியோடு வந்து பக்கத்தில் இருப்பாள். பக்கம் திருப்புகிற சத்தம் கேட்காது. அவளை வாயை மூடவைத்தது நான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு என் தலையைத் தடவினா. அவளுடைய தலையையும் தடவினா.

நாலாம் நாள் பிசியோ மிஸ் விடுதிக்கு வந்தா. இவ என்னைக் கிழிக்கப்போகிறா என்று நினைத்தேன். என் மருத்துவக் கோவையை வாசித்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா.

"அடுத்த கிழமை வாரும் எண்டு சொன்னனான். நீர் வரேல்லை எண்டதும் எடுத்துக் கேட்டிருக்கலாம். உம்மடை போன் நம்பரை வாங்காமல் விட்டிட்டன்."

"மிஸ், நான் கண்ணைத் திறந்து வைச்சிருந்தனான். பஞ்சு வைக்கேக்கை."

அவ என்னைப் பார்த்தா. பிறகு என் காலைப் பார்த்தா. பஞ்சை எடுத்து, தன் இடது கையால் என் கண்ணைப் பொத்திக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினா.

இப்போது மூன்று மாதம் முடிந்துவிட்டது. நாரி நோ இல்லை. இடது பாதத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு அணை தந்திருக்கிறார்கள், சப்பாத்துக்குள் போட்டு நடக்க. அது இல்லாமல் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை உயர்த்த வேண்டும், சேற்றுக்குள் நடக்கிற மாதிரி. கல்லூரியில் என் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். போன கிழமை ஆறு சோதனையும் திரும்ப வைத்தார்கள். நாலு. இடது காலில் நிற்க முடியவில்லை, அதில் ஒன்று போனது. இன்னொன்று குனிவது.

அந்த நாலோடு வெளியே வந்து வாங்கில் இருந்து சப்பாத்தை இறுக்கிக்கொண்டிருந்தேன். அனலைதீவிலிருந்து வந்த ஒரு அக்கா பக்கத்தில் இருந்தா. கையில் புதுக் கிளினிக் கொப்பி. முதல் தடவை.

"தம்பி, உள்ளை போட்டு வாறீரோ? என்ன கேப்பினம்?"

ஆறையும் சொன்னேன். அவ விரல் மடித்து எண்ணிக்கொண்டா.

"அதுக்கு முதல், கால் விறைக்குதோ எண்டு கேப்பினம்," என்றேன்.

அவ சுற்றிப் பார்த்தா.

"இடைக்கிடை இருக்குத்தான். சொன்னால் வெட்டுவினமாம் எண்டு சனம் கதைக்குது. கட்டாயம் சொல்லவேணுமோ?"

நான் சப்பாத்தைக் கழற்றினேன். அணையைக் கழற்றினேன். மேசையும் இல்லை, கட்டிலும் இல்லை. காலை வாங்கின் மேலேயே நீட்டி வைத்தேன்.

"அக்கா, இப்ப என்ரை பெருவிரலை மேலை தூக்கப் போறன். பாருங்கோ."

அவ கொப்பியை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தா. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா.

"எங்கை, தூக்குமன் தம்பி," என்றா.

"தூக்கிக்கொண்டுதான் இருக்கிறன்."